சரோஜா அக்காவுக்கு வராத அருள்

சரோஜா அக்காவுக்கு அன்றைக்கு அருள் வரவில்லை. அது நடிப்பு. நானும் அவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட நடிப்பு. அதை உண்மையான அருள் என்று ஊருக்குச் சொன்னவன் நான்.

இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடங்களா வேண்டும்? இரண்டு வரி. மூச்சு விடாமல் சொல்லி முடித்திருக்கலாம். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல், முகம் தெரியாத உங்களிடம் வந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் சொல்வது சுலபம், அவ்வளவுதான். நீங்கள் என் சட்டையைப் பிடிக்க முடியாது.

எனக்கு என்ன வேலை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. தீப்பிடித்தால் யார் எந்தக் கதவு வழியாக ஓட வேண்டும், அமிலம் கொட்டினால் யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று திட்டம் போடுவேன். அந்தத் திட்டம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒத்திகைகள் நடத்துவேன். ஒத்திகை என்று நான்தான் நல்ல தமிழில் சொல்வேன். மற்ற எல்லாருக்கும் அது டிரில்.

என் டிரில்கள் எப்போதும் பிரமாதமாக நடக்கும்! ஏன் நடக்காது? இன்ன கிழமை, தேநீர் முடிந்ததும் மணி அடிக்கும் என்று முன்பே எல்லாருக்கும் காதோடு காதாகத் தெரிந்துவிடும். பெண்கள் கைப்பையை மாட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருப்பார்கள். மணி அடித்ததும் சிரித்துப் பேசிக்கொண்டே திடலுக்கு வந்து வரிசையாக நிற்பார்கள். மேலாளர் என் தோளில் தட்டுவார். பயிற்சி வகுப்பில் மட்டும் நான் வாய் கிழியப் பேசுவேன்: "ஒத்திகையில் தப்பு வரட்டும், அதற்குத்தானே ஒத்திகை!" என் ஒத்திகையில் தப்பு வந்தால் எனக்குத் தூக்கம் போய்விடும் என்பதை அந்த வகுப்பில் நான் சொன்னதில்லை.

எங்கள் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலம் இன்னும் திறக்காத காலம் அது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு தண்ணீர்ப்பந்தல் போடுவோம். கோயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எங்கள் சொந்தச் சேவை. தலைவர் முத்தையாண்ணே. லாரி வைத்திருந்தவர். கையில் இருப்பதை எல்லாம் கொட்டிக் கொடுக்கிற மனிதர். கோபம் வந்தால் பந்தல் கால் ஆடும். வேல் படத்துக்கு முன்னால் செருப்புக் காலோடு யாராவது நடந்தால் போதும்!

அந்தப் பந்தலில் நான் கொஞ்சம் ஒட்டாத ஆள்தான். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குமாஸ்தா. வீட்டில் ஆங்கிலப் பத்திரிகை. "பாலா தம்பிக்குச் சாமியெல்லாம் சும்மா லா, கோயிலுக்கு வந்தாலும் கடிகாரத்தத்தான் பாக்கும்" என்று கேலி செய்வார்கள். சிரித்துக்கொள்வேன். உள்ளுக்குள் உறுத்தும். அவர்களில் ஒருவனாக இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை... அதை இப்போது எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஒரு வருடம் முத்தையாண்ணே என்னைக் கூப்பிட்டார். "தம்பி, போன தடவ ஒரு பாட்டி மயங்கி விழுந்தப்போ நம்ம பசங்க கோழி மாதிரி ஓடுனானுங்க. நீ ஃபேக்டரில செய்யிற மாதிரி இங்கயும் ஒரு டிரில் வையி. ஆனா வேல் முன்னாடி, பயபக்தியா நடக்கணும்." எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் நானும் இவர்களுக்கு வேண்டியவன் ஆகிவிட்டேன் அல்லவா!

துணைக்கு சரோஜா அக்காவைச் சேர்த்துக்கொண்டேன். பெரிய மருத்துவமனை ஒன்றில் தாதி. பந்தலில் முதலுதவிப் பெட்டி அவர் பொறுப்பு. என் திட்டத்தைச் சொன்னேன்: ஒருவருக்குக் கால் முறிகிறது, ஒரு பிள்ளை தொலைகிறது, அடுப்பில் தீ பிடிக்கிறது. எல்லாம் கேட்டுவிட்டு அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"இதெல்லாம் அவங்க சரியா செஞ்சிருவாங்க, பாலா. எதைத் தப்பா செய்வாங்களோ அதையில்ல வைக்கணும்?"

"எதைத் தப்பா செய்வாங்க?"

"இனிப்பு நீர் வியாதி உள்ளவங்க நெறைய பேரு ஊசியையும் போட்டுக்கிட்டு விரதமும் இருக்கிறாங்க. வெயில்ல காவடி தூக்கி நடக்கிறப்போ ஒடம்புல சீனி ஒரேயடியா எறங்கிடும். கை நடுங்கும், பேச்சு கொழறும், தொட்டா தள்ளிவிடுவாங்க, கண்ணு சொருகும். பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க?"

எனக்குப் புரிந்தது. அருள் என்பார்கள். அருள் வந்தவரை யாரும் தொடமாட்டார்கள். விரதக்காரர் வாயில் யாரும் எதையும் ஊற்றமாட்டார்கள். நாமும் அப்படித்தானே வளர்ந்திருக்கிறோம்?

"பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாக்கணும். கையத் தொட்டுப் பாக்கணும். ஜில்லுன்னு வேர்த்திருந்தா, நெனவு தப்புறதுக்கு முன்னாடி, நம்ம பந்தல்ல கலக்குற சீனித் தண்ணி, அந்தச் சிராப்ப ஒரு கிளாஸ் குடிக்க வச்சிறணும். ஒருவேள நெசமாவே அருளா இருந்தாலும், ஒரு கிளாஸ் சிராப்பால முருகனுக்கு ஒன்னும் ஆயிடாது லா!"

சிரித்தோம். பிறகு அவரே சொன்னார்: சொல்லாமல் கொள்ளாமல் நடுவில் தானே அப்படி நடிப்பதாக. "இனிப்பு, இனிப்பு" என்று முனகுவதாக. யாருக்காவது புரிகிறதா பார்ப்போம். புரியாவிட்டால் நான் விசில் ஊதி நிறுத்தி, எல்லாரையும் உட்காரவைத்து விளக்க வேண்டும். முன்பே சொன்னால் முத்தையாண்ணே விடமாட்டார், ஆகவே எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும் என்று முடிவு செய்தோம். நல்ல திட்டம்! இன்றைக்கும் சொல்கிறேன், என் வாழ்நாளில் நான் கலந்துகொண்ட ஒரே நல்ல ஒத்திகைத் திட்டம் அது.

தைப்பூசத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாலை, பந்தலிலேயே ஒத்திகை. கால் முறிந்தவராக நடித்தவர் கணேசன். துறைமுகத்தில் சுமைதூக்கி வண்டி ஓட்டுபவர், என் வயதுதான். தூக்குப்படுக்கையில் படுத்துக்கொண்டு, "மெதுவாடா! மூட்டைன்னு நெனச்சியா?" என்று அதட்ட, தூக்கியவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தள்ளாடினார்கள். பிள்ளை கிடைத்தது. தீ அணைந்தது. எல்லாம் என் டிரில் போலவே ஒழுங்காக நடந்தது.

அப்போதுதான் சரோஜா அக்கா கையிலிருந்த கோப்பையைக் கீழே போட்டார்.

உடம்பு நடுங்கியது. தலை ஆடியது. பிடிக்கப் போன பெண்ணைத் தள்ளிவிட்டார். என்ன நடிப்பு! தெரிந்திருந்தும் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. "இனிப்பு... இனிப்பு..." என்று முனகினார்.

யாரோ "அரோகரா!" என்றார்கள். அவ்வளவுதான். விபூதித் தட்டு வந்தது. எலுமிச்சம்பழம் வந்தது. "சாமி இனிப்பு கேக்குது!" என்று ஒருவர் கத்த, இரண்டு பேர் ஓடிப்போய் ஒரு தட்டு கேசரியைக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்து எங்கே வைத்தார்கள் தெரியுமா? வேல் படத்துக்கு முன்னால்! இனிப்பு கேட்டவருக்கு ஒரு கரண்டி கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு அம்மாள் அக்காவின் காலடியில் உட்கார்ந்து, "தாயே, எம் மவளுக்கு எப்ப கல்யாணம் ஆவும்?" என்று குறி கேட்க ஆரம்பித்துவிட்டார்.

ஒத்திகை அதன் வேலையை அச்சுப் பிசகாமல் செய்திருந்தது. எங்கள் பந்தலில் எங்கே ஓட்டை என்று அப்பட்டமாகக் காட்டிவிட்டது. நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. விசில் என் வாயில் இருந்தது.

முத்தையாண்ணேயைப் பார்த்தேன். அந்தப் பெரிய உடம்பு தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தது. எழுந்தபோது கண்களில் நீர். அந்த மனிதரிடம் போய், "அண்ணே, இது நாடகம், வேலுக்கு முன்னால் நான்தான் போடச் சொன்னேன்" என்று சொல்வதா? சாமி நம்பிக்கை இல்லாதவன் என்று ஏற்கெனவே பெயர் வாங்கிய நான்? நாளையிலிருந்து எந்த முகத்தோடு இந்தப் பந்தலுக்கு வருவேன்?

சரோஜா அக்கா ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஊது என்றது அந்தக் கண்.

நான் விசிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். கைகளைக் குவித்துக் கும்பிட்டேன்.

ஆம், கும்பிட்டேன்! யாரைக் கும்பிட்டேன், எதற்காகக் கும்பிட்டேன்... கேட்காதீர்கள்.

முத்தையாண்ணே என் பக்கம் திரும்பினார். "தம்பி, இதுவும் டிரில்லா?" அவர் கேட்டார் என்பதை மறந்துவிடாதீர்கள். நேருக்கு நேர் கேட்டார்.

"இல்லண்ணே. டிரில்லுல இது இல்ல. இது உண்மை."

அக்கா துள்ளி எழுந்தார். "என்ன உண்மை? டிரில்தான்! பாலாவக் கேளுங்க, ரெண்டு பேரும் பேசி வச்சதுதான்!"

சுற்றியிருந்தவர்கள் பரிவோடு அவரைப் பார்த்தார்கள். "பாவம், எறங்குனப்புறம் ஒன்னும் ஞாபகம் இருக்காது லா" என்றது ஒரு குரல். அருள் வந்தவருக்கு அருள் வந்தது தெரியாது. நம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே! அவர் மறுக்க மறுக்க, அது உண்மை என்பது உறுதியாகிக்கொண்டே போனது. அந்த முடிச்சை அவிழ்க்க உலகத்தில் ஒருவனால்தான் முடியும். அந்த ஒருவன் என்ன செய்தான் தெரியுமா? ஒரு கிளாஸ் தண்ணீரை நீட்டி, "உட்காருங்கக்கா, களைப்பா இருப்பீங்க" என்றான்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவர் என்னை நிறுத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "நாளைக்கே முத்தையாண்ணேகிட்ட சொல்லிரு, பாலா. தைப்பூசத்துக்கு முன்னாடி சொல்லிரு" என்றார். சொல்லிவிடுகிறேன் என்றேன். மறுநாள் முத்தையாண்ணே என்னை எல்லாருக்கும் முன்னால் கட்டிப் பிடித்து, "நீ வச்ச டிரில்லுக்கு முருகனே வந்துட்டாருடா!" என்றார். நான் எப்படிச் சொல்வேன்? சொல்லியிருக்க வேண்டும்... சொல்லவில்லை.

அந்த வாரம் முழுவதும் சரோஜா அக்காவின் வீட்டுக் கதவைப் பெண்கள் எலுமிச்சம்பழத்தோடு தட்டினார்களாம். தைப்பூசத்தன்று அவர் பந்தலுக்கு வரவில்லை. மருத்துவமனையில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது. அருள் எது, மயக்கம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆளை நான் விரட்டியிருந்தேன். மற்றவர்களுக்கோ தவறான பாடத்தை நேரிலேயே காட்டிப் பழக்கியிருந்தேன்: கை நடுங்கினால், பேச்சு குழறினால், தொட்டவரைத் தள்ளினால், அது அருள்!

கணேசன் அந்த வருடம் காவடி எடுத்தார். எனக்கு அது தெரியும். அவருக்கு இனிப்பு நீர் இருந்தது எனக்குத் தெரியாது. அதை மட்டும் நம்புங்கள்.

உச்சி வெயிலில் எங்கள் பந்தலுக்கு எதிரே வந்தபோது அவர் கால் பின்னியது. காவடியை இறக்கினார்கள். உறுமி இன்னும் வேகமாக முழங்கியது. அவர் உடம்பு நடுங்கியது, வாய் ஏதோ குழறியது, தாங்கிப் பிடித்தவனை ஒரே தள்ளாகத் தள்ளினார். எங்கள் பந்தல் பிள்ளைகள் உடனே கைகோத்து வட்டம் கட்டினார்கள். எவ்வளவு ஒழுங்காகக் கட்டினார்கள்! யாரையும் கிட்டே விடவில்லை. விழுந்தவரைக் கூட்டம் நெருக்காமல் இருக்க, டிரில்லில் நான் சொல்லிக் கொடுத்த வட்டம் அது.

நான் சிராப் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். கணேசனின் மனைவி பத்மா, இடுப்பில் பிள்ளையோடு என்னிடம் ஓடிவந்தாள்.

"அண்ணே, அவருக்கு இனிப்பு நீர் இருக்குண்ணே. காலையில ஊசி போட்டுக்கிட்டாரு. ஒன்னும் சாப்பிடல. எனக்குப் பயமா இருக்கு."

கேட்டீர்களா? சரோஜா அக்கா சொன்னது ஒன்று விடாமல் என் காதில் வந்து விழுந்தது. கை நீட்டினால் அண்டா. அண்டா நிறையச் சிராப்!

வட்டத்துக்குள் போனேன். கணேசனின் கையைத் தொட்டேன். ஈரமாக, ஜில்லென்று இருந்தது. முத்தையாண்ணே என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன தம்பி? அன்னிக்கு சரோஜாவுக்கு வந்த மாதிரியே இல்ல?"

அதே மாதிரிதான். அச்சு அசலாக அதே மாதிரி. இது மயக்கம் என்று நான் சொன்னால், அப்போது அது? அன்றைக்கு நீ கும்பிட்டாயே, அது? ஒரு கணத்தில் இந்தக் கணக்கெல்லாம் என் தலையில் ஓடி முடிந்தது. ஒரு மனிதன் என் கண் முன்னால் சரிந்துகொண்டிருக்கும்போது, நான் என் பெயரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்!

"அருள்தாண்ணே" என்றேன். பத்மாவைப் பார்த்து, "பயப்படாத, அருள்தான்" என்று அவளுக்கும் தனியாகச் சொன்னேன்.

அவள் முகம் தெளிந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கணேசன் விழுந்தார். உடம்பு வெட்டியது. விபூதி தூவினார்கள். பாடினார்கள். வெகுநேரம் பாடினார்கள். பிறகு ஒருவருக்கும் பாட்டு வரவில்லை. அப்போதுதான் யாரோ ஆம்புலன்ஸ் என்றார்கள்.

மருத்துவமனையில் அவரை வாங்கிக்கொண்டவர் சரோஜா அக்கா. தற்செயல்தான். அது எனக்கு விழுந்த அடி என்று அப்போது நினைத்தேன்; இல்லை, அடி கணேசனுக்குத்தான். பரிசோதித்துவிட்டு வெளியே வந்து, "யாரும் இனிப்பு குடுக்கலையா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

"எல்லாரும் அருள்னு நெனச்சிட்டாங்கக்கா."

எல்லாரும்! அந்தச் சொல்லைச் சொன்ன இந்த நாக்கை என்ன செய்யலாம்? அக்கா என்னை நம்பவில்லை என்பது அவர் பார்த்த பார்வையில் தெரிந்தது. பிறகு அவர் முத்தையாண்ணேயைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். "சாமி வந்தத மறுக்காத தாயே, குத்தம் ஆயிரும்" என்று அண்ணே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டாராம். சில மாதங்களில் அக்கா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அவருக்கு ஒரு கடிதம் எழுத எனக்குத் துணிவு வந்ததே இல்லை.

கணேசன் சாகவில்லை. மூளைக்குச் சீனி போகாமல் நெடுநேரம் கிடந்ததால், நாற்காலியில் உட்காரவைத்தால் உட்கார்ந்திருக்கிறார், ஊட்டினால் சாப்பிடுகிறார். யாரையும் தெரியாது. பத்மா எங்கள் தொழிற்சாலையில் இரவும் பகலும் முறைவேலை பார்த்து மகனை வளர்த்தாள். அவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் நான். நல்ல மனிதன், இல்லையா நான்! தீபாவளிக்குத் தீபாவளி போவேன். வரும் விருந்தாளிகளிடம் அவள் பெருமையோடு சொல்வாள்: "முருகன் தொட்ட ஒடம்பு இது. அவரு வந்த வேகத்த இவரால தாங்க முடியல."

அந்த ஆறுதலை அவளிடமிருந்து பிடுங்கலாமா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பேன். அவளுக்காகத்தான் மறைக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? ஒரு கட்டத்தில் நானே அதை நம்பிவிட்டேன்.

தொழிற்சாலையில் இன்னும் டிரில் வைக்கிறேன். ஓய்வு பெறும் வயது வந்துவிட்டது. இளைஞர்கள் என்னிடம் வந்து ஒத்திகையில் தவறு வந்துவிட்டதே என்று வருந்தினால், கத்துகிறேன். "வரட்டும்! எழுது! மறைக்காதே!" என்று காரணமில்லாமல் கத்துகிறேன். கிழவருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள்.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். போன வாரம் பத்மா வீட்டுக்குப் போயிருந்தேன். கணேசன் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பத்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, சந்தோஷமாக உட்கார்ந்தாள்.

"அண்ணே, தம்பி இந்த வருசம் காவடி எடுக்கிறான்."

அன்றைக்கு அவள் இடுப்பில் இருந்த பிள்ளை. வேலைக்குப் போகிற ஆள் இப்போது. நல்லது என்றேன்.

"அவனுக்கும் அப்பா மாதிரியே இனிப்பு நீர் வந்துருச்சுண்ணே. ஊசிதான் போட்டுக்கிறான். வெரதமும் ஆரம்பிச்சிட்டான்."

தேநீரைக் கீழே வைத்தேன். "டாக்டர்கிட்ட கேட்டானா? ஊசியும் போட்டு, பட்டினியும் கெடந்தா..."

"என்னண்ணே நீங்க! முருகன் பாத்துக்குவாரு லா." அவள் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அவன் அப்பா மேல வந்த மாதிரி அவன் மேலயும் வருவாருன்னு எம் மனசு சொல்லுது. நீங்க அவன் பக்கத்துலயே நடந்து வரணும். வந்துட்டா, கண்டவங்க கை வைக்காமப் பாத்துக்குங்க. எது அருளு, எது இல்லன்னு உங்களுக்குத்தான்ணே தெரியும்."

வாயைத் திறந்தேன். இப்போது சொல், இப்போதாவது சொல் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி பத்மா, நான் வர்றேன்" என்றுதான் வந்தது.